தண்ணீர்மேல் போட்ட பழி

சாமி, வண்டி ஓட்டிக்கொண்டே இதைப் படிக்காதே. எங்காவது ஒரு தாபாவில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். நான் தொண்டையைச் செருமுவதற்குள் "சரிம்மா, சிக்னல் இல்ல, அப்பறமாக் கூப்புடறேன்" என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால் உன் பிளஸ் டூ நோட்டு ஒன்றில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நாமகிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறி, சுகன்யாவின் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் எடுத்து உன் போனுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். தை மாதம் நீ தாலி கட்டப்போகிற பெண் உனக்கு முன்னால் இதைப் படித்துவிடுவாளே என்று நினைக்காதே. இதில் பெரும்பகுதி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நிச்சயத்துக்காகப் போன வாரம் ஐந்து நாள் நீ வீட்டில் இருந்தாய். முதல் நாள் சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் கால் நீட்டிப் படுத்தாய். சாக்ஸின் ரப்பர் இருந்த இடத்தில் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் இருந்தது. சாக்ஸ் இறுக்கமாக இருந்தால் யாருக்கும் கோடு விழும், கொஞ்ச நேரத்தில் மறைந்தும் போகும். நீ குளித்து, சாப்பிட்டு, நிச்சயத்துக்கு எடுத்த சட்டையைப் போட்டுப் பார்த்துக் கழற்றி வைத்த பிறகும் உன் காலில் அது அப்படியே இருந்தது. கால் பிடித்துவிடுவதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு குழி நின்றது. நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அந்தக் குழி எப்போது நிரம்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதக் காலில் அப்படி ஒரு குழியை இதற்கு முன் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் உன் கண்ணுக்குக் கீழே உப்பியிருந்தது. நிறையத் தூங்கிவிட்டேன் என்றாய். நிச்சயத்தன்று போட்டோ எடுக்கும்போது தலைவலி என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டே நின்றாய். அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து பிரஷர் பார்க்கும் மெசினை இரவல் வாங்கி வந்து, விளையாட்டாகச் சொல்வதுபோல் உன் கையில் கட்டினேன். மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டி நின்றது. "மெசின் ரிப்பேரும்மா" என்று சிரித்தாய். நீ குளிக்கப் போனதும் அதே மெசினை என் கையில் கட்டிப் பார்த்தேன். மெசினில் ஒரு பழுதும் இல்லை.

ஐந்தாம் நாள் நீ கிளம்புவதற்கு முன்னால் உன் துணிகளைத் துவைக்க எடுத்தேன். பேண்ட் பாக்கெட்டில் மூன்று மாத்திரை அட்டைகள் இருந்தன. இரண்டு காலி, மூன்றாவதில் பாதி இருந்தது. நான் ஒரு காலத்தில் வாங்கிய அட்டையின் நிறம் வேறு, கம்பெனி வேறு. ஆனால் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைப் படித்ததும் என் கை ஈரமாக அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்து கேட்டேன்.

"என்ன மாத்தர சாமி இது?"

"இடுப்பு வலிக்கும்மா. பதினாலு மணி நேரம் சீட்ல ஒக்காந்தா யாருக்குத்தான் வலிக்காது? எல்லா டிரைவரும் போடறதுதான்."

"எத்தன நாளா?"

"அது ஆச்சு, ஒரு மூணு வருசம். தெனமும் இல்லம்மா. வலிச்சாத்தான்."

"தெனமும் வலிக்குதா?"

முற்றத்தில் நிரப்பி வைத்திருந்த இரண்டு தண்ணீர்க் கேன்களையும் தூக்கிக்கொண்டு போய் லாரி கேபினில் வைத்தாய். திரும்பி வந்து என் தோளைப் பிடித்துச் சொன்னாய்: "நீ எதுக்கும்மா பயப்படற? எங்க போனாலும் நம்ம கேன் தண்ணியத் தவிர வேற தண்ணி வாய்ல வெக்கறதில்ல நானு. அப்பாவுக்கு வந்தது எனக்கு வராது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை பக்கமும். அப்பாவுக்கு வந்தது தண்ணீரால் வரவில்லை, சாமி. தண்ணீரால் வந்தது என்று உனக்கும் ஊருக்கும் சொன்னது நான். அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில் நான் என்ன பார்க்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் வீட்டுக்குள் வந்ததும் பினாயில் வாடை அடிக்கிறது என்று ஓடிவிடுவாய். நீ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம் நாமக்கல் ரோட்டில் இருக்கும் அந்தக் கோழி ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு வருவார்கள். எதனால் செத்தது என்று டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். இரண்டு வருடத்தில் கத்தரிக்கோலும் என் கைக்கு வந்துவிட்டது. நெஞ்செலும்பைத் தூக்கினால் இதயம் இருக்கும். அதைத் தாங்கினாற்போல் இரண்டு மடலாகக் கல்லீரல். விலா எலும்போடு ஒட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாக நுரையீரல். அப்புறம் இரைப்பை, சுருள் சுருளாகக் குடல். இவ்வளவையும் வழித்து எடுத்த பிறகுதான் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் எலும்புக் குழிக்குள் பதுங்கியிருக்கும் சிறுநீரகம் கண்ணில் படும். மனிதனுக்கும் அது கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கிறது. கடைசி விலா எலும்புகளின் மறைவில், முதுகுப் பக்கமாக, பக்கத்துக்கு ஒன்று, அவரவர் மூடிய கை அளவில். இடுப்பு வலிக்கிறது என்று நீ கை வைத்துத் தேய்க்கிறாயே, அதற்குக் கொஞ்சம் மேலே.

இதயம் துடிப்பது நமக்குத் தெரிகிறது. மூச்சு ஏறி இறங்குவது தெரிகிறது. வயிறு காய்ந்தால் இரையும். இந்த இரண்டு மட்டும் சத்தமே போடாது. இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு நேராக இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்துக்குள்ளும் பத்து லட்சம் வடிகட்டிகள், கண்ணுக்குத் தெரியாத அளவில். சாப்பாட்டிலிருந்தும் சதையிலிருந்தும் வருகிற கழிவை ரத்தத்திலிருந்து பிரித்து, வேண்டிய தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுத்து, வேண்டாததை மட்டும் வெளியே அனுப்பும். அதோடு விடுவதில்லை. ரத்த அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் அதுதான். எலும்பு மஜ்ஜைக்கு, ரத்தம் ஊறவை என்று சொல்லி அனுப்புவதும் அதுதான். வடிகட்டிகளில் பாதி செத்தாலும் மிச்சம் இருப்பவை அந்த வேலையையும் சேர்த்துச் செய்து ஆளை நடமாட வைத்துவிடும். அதனால் அவன் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொள்வான். இரண்டு பேர் வேலையை ஒருவர் எத்தனை நாள் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி.

உன் அப்பாவுக்கு இடுப்பு வலி ஆரம்பித்தபோது நீ நான்காம் வகுப்பு. அவர் அப்போது கல்கத்தா லைன் ஓட்டிக்கொண்டிருந்தார். லோடு ஏற்றி இறக்கித் திரும்பி வந்தால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாது. யாரோ ஒரு டிரைவர் கொடுத்த மாத்திரை நன்றாகக் கேட்டது. பிறகு அதை வாங்கி வைப்பது என் வேலை ஆனது. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் வழியில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் இருந்த மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்குவேன். டாக்டர் சீட்டு கேட்கமாட்டார்கள். அவர் கிளம்பும்போது துண்டு, சோப்பு, ஊறுகாய் டப்பாவோடு அதையும் பையில் வைப்பேன். "என்ற பொண்டாட்டி பாதி டாக்டரு" என்று அவர் லோடுமேன்களிடம் பெருமையாகச் சொல்வார். அதைக் கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நீ ஏழாவது படித்த வருடம், ஒரு கோடை மத்தியானம், ராசிபுரம் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஆறு கோழிகளைக் கொண்டுவந்தார். பண்ணையில் வரிசையாக விழுகிறது என்றார். முதல் கோழியின் நெஞ்சைத் திறந்தேன். இதயத்தின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை படிந்திருந்தது. கல்லீரல் மேலும் அதே வெள்ளைப் பொடி. உள்ளே சிறுநீரகம் வெளுத்து வீங்கியிருந்தது. ஆறும் அப்படியே. கோழிக்கு மூத்திரப்பை கிடையாது. எச்சத்தில் வெள்ளையாகத் தெரிகிறதே, அதுதான் அதன் மூத்திரம். அது வெளியே போக முடியாமல் உள்ளேயே தங்கி இதயத்தைப் போர்த்தியிருந்தது. டாக்டர் பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீரில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டார்.

"காச்சலாட்டம் தலையத் தொங்கப் போட்டுட்டு நின்னுதுங்க. நமக்குப் போடற வலி மாத்தரையத்தான் நுணுக்கிக் கலக்குனனுங்க. நல்லதுன்னுதானுங்க செஞ்சன்."

அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "இது சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாயச் சுருக்கிரும். வெயில் காலம், ஏற்கெனவே தண்ணி கம்மியாக் குடிச்சிருக்கும். ரத்தமே போகலன்னா அது எத வெச்சு வேலை செய்யும்?" என்றார். நான் எழுதிக்கொண்டேன். எழுதும்போதே தெரிந்தது. அதே பெயர் போட்ட இரண்டு அட்டைகள் சுவரில் மாட்டியிருந்த என் கைப்பையில் இருந்தன. மறுநாள் உன் அப்பா அசாமுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது.

மனிதர்களுக்கும் அப்படி ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. கோழி வேறு, மனிதன் வேறு என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். "மாத்தர இருக்குதா புள்ள?" என்று கேட்டார். கோழியின் இதயத்தைப் பிடித்த அதே கையால் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் கொடுத்தேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. மூத்திரம் சோப்பு நுரைபோல் நுரைக்கிறது என்றார். உடம்பில் தங்கவேண்டிய புரதம் ஓட்டை விழுந்த சல்லடை வழியாக வெளியே போனால்தான் அப்படி நுரைக்கும். சூடு என்று சொல்லி இளநீர் வாங்கிக் கொடுத்தேன். காலில் குழி விழுந்தது. கிளட்ச் மிதித்து மிதித்து வந்த வீக்கம் என்றோம். முகம் வெளுத்தது. ரத்தம் ஊறவைக்கும் சொல் எலும்புக்குப் போய்ச் சேரவில்லை என்பது தெரியாமல் முருங்கைக்கீரை சமைத்தேன். உடம்பெல்லாம் அரித்தது, சொறிந்து சொறிந்து முதுகில் ரத்தக் கோடு. கழிவு தோலுக்கு வந்துவிட்டிருந்தது. பிறகு வயிறு. எதைத் தின்றாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கிறது என்று தட்டைத் தள்ளினார். கடைசியில் மூச்சு. மல்லாக்கப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார். வெளியேறாத தண்ணீர் நுரையீரலில் கட்டியிருந்தது. ஒரு நாள் உன்னைப் பார்த்து உன் சித்தப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நினைவிருக்கிறதா? நீ சிரித்தாய். அவர் விளையாடவில்லை, சாமி. கழிவு மூளை வரைக்கும் வந்துவிட்டது. அன்றுதான் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டும் சுருங்கிப் போயிருந்தன. சிறுநீரக டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வலி மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்து, "எப்பவாச்சுமுங்க" என்றேன். அதுதான் என் முதல் பொய். மற்றப் பொய்களெல்லாம் அதன் பின்னால் வந்தவைதான்.

பார்க்க வந்த சொந்தக்காரர்களில் யாரோ, "தண்ணி கெட்டுப் போச்சு, அதான் சின்ன வயசுலயே கிட்னி போவுது" என்றார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு தலையாட்டல். ஒரு வாரத்தில் அது ஊரெல்லாம் போய்விட்டது. அப்போது நாம் குடித்தது பக்கத்துத் தோட்டத்து மாமாவின் போர்வெல் தண்ணீர். பத்து வீட்டுக்கு அவர் சும்மா விட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பத்து வீடும் அவர் குழாயில் குடம் வைப்பதை நிறுத்திவிட்டன. அவர் வீட்டுப் பெண்ணைக் கேட்டு வந்தவர்கள்கூட அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளா என்று விசாரித்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். உன் அப்பாவின் சாவுக்கு வந்தவர், எல்லோரும் போன பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

"என்ற தண்ணியா புள்ள அவனக் கொன்னுது?"

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து நம் வீட்டுக்கு அவர் வருவதில்லை. நீ அவரை வழியில் பார்த்தாலும் பேசுவதில்லை. அவர்மேல் உனக்கு இருக்கிற கோபத்தை நான்தான் வளர்த்தேன்.

டயாலிசிஸ் நடந்த பதினான்கு மாதமும் உனக்கு நினைவிருக்கும். வாரம் இரண்டு நாள் சேலம் பஸ். இடது கையில் சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்த இடத்தில் கை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடும். நீ அதில் காதை வைத்துக் கேட்பாய். பத்து லட்சம் வடிகட்டிகள் சத்தமில்லாமல் செய்த வேலையை, மனிதன் உயரத்துக்கு ஒரு மெசின் நாலு மணி நேரம் இரைந்துகொண்டு செய்தது. அப்போதும் முழுதாகச் செய்ய முடியவில்லை. ஒருநாள் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"அந்த மாத்தரதான புள்ள?"

"ஆமாங்க."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

நான் அந்த ஆறு கோழிகளைப் பற்றிச் சொன்னேன். மெசினின் அலாரம் ஒருமுறை அடித்து நின்றது. பிறகு, "பையங்கிட்டச் சொல்லிராத. ஒன்னைய ஒரு மாதிரி பாப்பான்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் நான் உனக்கு அன்றைக்கே சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. அவர் மன்னித்துவிட்டதை நான் அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை, டயாலிசிஸுக்கு இன்னும் ஒரு நாள் இருக்கும்போது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறி நின்றுவிட்டது. உனக்குப் பதினைந்து வயது. அடுத்த வாரமே வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடச் சொன்னேன். உன் பள்ளிக்கூடப் பையில் பாட்டிலைத் திணித்து, வெளியே ஒரு வாய் குடிக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். என் பொய்க்கு நான் கட்டிய மதில் அது. அந்த மதிலைத்தான் நீ இன்றைக்கும் காவல் காக்கிறாய்.

அதில் இன்னொரு கேடும் இருக்கிறது. நீ கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இரண்டு கேன் தண்ணீர் நாக்பூர் போய்த் திரும்புவதற்குள் தீர்ந்துவிடக் கூடாது என்று நீ அளந்து குடிக்கிறாய். வெளியே கிடைப்பதைத் தொடமாட்டாய். இன்ஜின் சூட்டில் பதினாலு மணி நேரம், அரை வயிற்றுத் தண்ணீர், அதன்மேல் அந்த மாத்திரை. அந்தப் பண்ணைக் கோழிகள் கடைசி வாரத்தில் எப்படி இருந்தனவோ அப்படி உன்னை உட்கார வைத்திருக்கிறேன்.

நீ கிளம்பிய மறுநாள் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். ஆதாருக்கும் பட்டாவுக்கும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சுகன்யா, "வாங்கத்த, செத்த ஒக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினாள். கூட்டம் குறைந்ததும் அவளிடம் சொன்னேன். மாத்திரை, காலில் விழுந்த குழி, பிரஷர், உன் அப்பா, எல்லாம். அவள் பிரிண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்குத் தெரியுமாங்க?"

"தெரியாது கண்ணு."

"அவருக்கே தெரியாததை எனக்கெதுக்குங்க சொல்றீங்க?"

"கல்யாணம் வேண்டாம்னா இப்பவே நிறுத்திக்கலாம்னுதான். அப்பறமாத் தெரிஞ்சா நீ என்னயச் சும்மா உடமாட்ட."

அவள் கொஞ்ச நேரம் விரலில் இருந்த நிச்சய மோதிரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். "எங்கூட்ல இதச் சொன்னா நாளைக்கே நிறுத்திருவாங்க. நான் சொல்லலீங்க. ஆனா சரின்னும் சொல்லல. மொதல்ல அவருக்குச் சொல்லுங்க. ரத்தம் பாக்கட்டும், பேப்பர் வரட்டும். அதப் பாத்துட்டு நா என்ன பண்றதுன்னு நானே சொல்றன்." கிளம்பும்போது வாசல் வரை வந்து, "போன்ல சொல்லாதீங்கத்த, கட் பண்ணிருவாரு. எழுதிக் குடுங்க" என்றாள். இந்தக் கடிதம் அவள் சொல்லித்தான்.

அவள் மேல் கோபப்படாதே. என் மேல் படு. அது நியாயம். ஆனால் கோபத்தில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளாதே. மிச்சம் இருக்கும் அட்டையைத் தூக்கி எறி. வலித்தால் வண்டியை நிறுத்தி இறங்கி நட, துண்டை வெந்நீரில் நனைத்து ஒத்தடம் கொடு, லோடு ஒரு நாள் தாமதமாகப் போனால் போகட்டும். தாகம் எடுத்தால் அங்கே விற்கிற சீல் வைத்த பாட்டிலை வாங்கி வேண்டிய மட்டும் குடி. வலிக்கு எது சாப்பிடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும், மெடிக்கல் கடைக்காரரும் வேண்டாம், நானும் வேண்டாம். செத்த வடிகட்டி திரும்ப முளைக்காது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியும் என்கிறார்கள். உன்னிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரிய வந்தபோது ஒன்றும் இருக்கவில்லை.

நீ வியாழக்கிழமை வந்துவிடுவாய். அதற்குள் நான் தோட்டத்து மாமா வீட்டுக்குப் போய் வந்திருப்பேன். என்ன சொல்வாரோ, கதவைத் திறப்பாரோ மாட்டாரோ தெரியாது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ராசிபுரத்தில் ரத்தமும் மூத்திரமும் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சுகன்யா நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். சாயங்காலம் ரிப்போர்ட் வரும். அதை என் கையில் கொடுத்து என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதே. எனக்குப் படிக்கத் தெரியும். கிரியாட்டினின் என்ற வரிக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் தெரிந்ததை உள்ளபடி சொல்கிற ஆள் நான் இல்லை என்பதற்குச் சாட்சியாக இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். நான் வெளியே பெஞ்சில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. அது உண்மையாக இருந்தாலொழிய.